நிலத்தடி மண்ணையும் நீரையும் சி.பி.டி. கூம்பால் அறிவது எப்படி

படிப்பை முடித்துவிட்டு முதல்முறையாகக் களத்துக்கு வரும் சிவில் பொறியாளர்களுக்கும், நிலத்தடி நீர்த் துறைக்குப் புதியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நம் ஊரில் சாயில் டெஸ்ட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எஸ்.பி.டி. என்கிற தரநிலை ஊடுருவல் சோதனைதான். முக்காலி நட்டு, போர் போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு அடிகளை எண்ணுவோம். பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு ஓர் எண் கிடைக்கும். நடுவில் என்ன இருக்கிறது என்பது நம் ஊகம்.

சி.பி.டி. என்கிற கூம்பு ஊடுருவல் சோதனையில் ஒன்று அல்லது இரண்டு செ.மீ.க்கு ஓர் அளவு பதிவாகும். களிமண்ணுக்கு நடுவே 20 செ.மீ. மணல் படலம் இருந்தால்கூட வரைபடத்தில் அதன் தடம் தெரியும். தண்ணீர் எந்த வழியாக நகர்கிறது என்று தேடுபவருக்கு அந்த 20 செ.மீ.தான் முக்கியம். போரில் அது தட்டுப்படாமலே போய்விடலாம்.

இந்த முறை பிறந்தது நெதர்லாந்தில். 1918இல் வேஸ்ப் என்ற ஊரருகே ரயில் பாதையின் கரை சரிந்து ரயில் கவிழ்ந்து 41 பேர் இறந்தார்கள். மென்மையான மண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பட அந்த விபத்தும் ஒரு காரணம். 1932இல் பேரென்ட்சன் என்ற பொறியாளர் எரிவாயுக் குழாய்க்குள் ஓர் எஃகுக் கம்பியை நுழைத்து, அதன் நுனியில் கூம்பு மாட்டிக் கையாலேயே மண்ணுக்குள் அழுத்தினார். 60 பாகை கோணம், 10 சதுர செ.மீ. அடிப்பரப்பு என்கிற அந்தக் கூம்பின் அளவுதான் இன்றும் உலகெங்கும் நடப்பில் இருக்கிறது. 1953இல் பெகமன் உராய்வை அளக்கும் உறையைச் சேர்த்தார். பிறகு மின்கூம்பு வந்தது, அதன் பின் நீரழுத்தத்தையும் அளக்கும் பியசோகோன் வந்தது. நீங்கள் இன்று கையில் எடுக்கப் போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான்.

கூம்பு எதை அளக்கிறது

35.7 மி.மீ. விட்டமுள்ள எஃகு நுனி. அது மண்ணைத் துளைத்துப் போகும்போது சந்திக்கும் எதிர்ப்பு முதல் அளவு, இதை நுனி எதிர்ப்பு என்போம். நுனிக்குச் சற்று மேலே 150 சதுர செ.மீ. பரப்புள்ள உறை இருக்கும். அதன் மேல் மண் உரசும் விசை இரண்டாவது. நுனியின் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு சிறு ஃபில்டர் வளையம் இருக்கும். அதன் வழியே மண்ணிலுள்ள தண்ணீரின் அழுத்தம் உள்ளிருக்கும் சென்சாருக்குப் போகும், அது மூன்றாவது. கூடவே கூம்பு எவ்வளவு சாய்கிறது என்பதும் பதிவாகும்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சோதனையில் மண் மேலே வராது. வருவது எண்கள் மட்டும்தான். கையில் எடுத்துப் பிசைந்து பார்க்க ஒரு பிடி மண்கூடக் கிடைக்காது. அதனால் மனையில் ஓரிடத்திலாவது சி.பி.டி.க்குப் பக்கத்தில் போர் போட்டு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். முதலில் கூம்பை இறக்கிவிடுங்கள், போரை அப்புறம் போடுங்கள். போர் முதலிலேயே போட்டாகிவிட்டது என்றால் அதன் விட்டத்தைப் போல 20 மடங்காவது தள்ளிப் போங்கள். போர் கலைத்துப் போட்ட மண்ணில் கூம்பை இறக்கினால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இடம் இதற்குத் தோதானதா

கூம்பு மென்மையான மண்ணுக்கானது. களிமண், வண்டல், மணல், சதுப்பு மண் எல்லாம் சரி. பாறை, உருளைக்கல், கெட்டியான சரளை என்றால் ஆகாது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கரணை சதுப்பு ஓரம், எண்ணூர்க் கழிமுகம், திருவான்மியூர்க் கடற்கரை மணல் போன்ற இடங்கள் இந்தச் சோதனைக்கென்றே அமைந்தவை. பரங்கிமலைப் பக்கம் போனால் கதை வேறு. சார்னொகைட் என்று உலகம் அழைக்கும் கெட்டிப் பாறைக்கு நிலவியலாளர்கள் மூல மாதிரியாகக் கொள்ளும் இடமே அதுதான். அங்கே சில மீட்டரிலேயே கூம்பு நின்றுவிடும், வற்புறுத்தினால் உடையும். ரிக்கை, அதாவது கூம்பை அழுத்தி இறக்கும் இயந்திரத்தை, ஏற்றி அனுப்பும் முன் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டியவர்களிடமும் விசாரியுங்கள். எத்தனை அடியில் பாறை வந்தது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மேலே கட்டட இடிபாடு கொட்டி நிரப்பிய மனையா என்றும் பாருங்கள். சென்னையில் சதுப்பை மேடாக்கிய இடங்களில் இது சகஜம். இடிபாட்டை முன்துளை போட்டுக் கடந்துவிட்டுத்தான் கூம்பை இறக்க வேண்டும். மின்கேபிள், தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எங்கெங்கே போகின்றன என்று உறுதி செய்யாமல் எதையும் தொடாதீர்கள். முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ரிக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூம்பை அழுத்த எதிர்விசை வேண்டும். 20 டன் லாரி என்றால் அதன் எடையே போதும். சிறிய கிராலர் ரிக் என்றால் திருகு நங்கூரங்களை மண்ணில் இறக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தொடங்கும்போது கூம்பு மாட்டிய எஃகு ராடு செங்குத்தாக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பாருங்கள், இரண்டு பாகைக்கு மேல் சாய்வு இருக்கக் கூடாது.

இறக்கும் முன் செய்ய வேண்டியவை

சோதனையின் தரம் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடும். அதனால் இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் ஃபில்டர். அதன் நுண்துளைகளிலும் அதற்குப் பின்னால் உள்ள சிறு அறையிலும் ஒரு குமிழி காற்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீரை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே காற்று இருந்தால் மண்ணின் நீரழுத்தம் முதலில் அந்தக் காற்றைச் சுருக்கிவிட்டுத்தான் சென்சாரைத் தொடும். அதனால் எண் தாமதமாகவும் குறைவாகவும் வரும். இதைத் தவிர்க்க ஃபில்டர் வளையங்களைக் கிளிசரின் அல்லது சிலிக்கோன் எண்ணெயில் போட்டு, வெற்றிட பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சி, முந்தின நாளே தயார் செய்து வையுங்கள். மாட்டும்போது கூம்பின் நுனியையும் அந்த எண்ணெய்க்குள் மூழ்கடித்தபடியே மாட்டுங்கள். மாட்டியதும் மெல்லிய ரப்பர் உறையால் மூடிவிடுங்கள். மண்ணுக்குள் போனதும் அது தானாகக் கிழிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு கழிமுக வேலையில் காலையிலேயே ஃபில்டரை மாட்டி வைத்துவிட்டோம். ரிக்கில் ஹைட்ராலிக் கோளாறு, அதைச் சரிசெய்வதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதுவரை கூம்பு வெயிலில் கிடந்தது. மாட்டியதை மாற்ற வேண்டாம் என்று அப்படியே இறக்கினேன். மணலிலிருந்து களிக்குள் நுழையும் இடத்தில் அழுத்தக் கோடு வெட்டினாற்போல் ஏற வேண்டும். எங்களுக்கு வந்த கோடு இரண்டு மீட்டருக்கு மெதுவாக வளைந்து ஏறியது. அந்த நாளின் மூன்று சோதனைகளையும் திரும்பச் செய்தோம். உங்கள் வரைபடத்தில் நீரழுத்தக் கோடு சோம்பலாக, வழுவழுவென்று இருந்தால் மண்ணைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைச் சந்தேகியுங்கள்.

கோடையில் நீர்மட்டம் கீழே போய்விடும் இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு. மேலே உள்ள காய்ந்த மண்ணைக் கடக்கும்போதே ஃபில்டரிலுள்ள எண்ணெயை மண் உறிஞ்சிவிடும். அங்கே நீர்மட்டம் வரை முன்துளை போட்டு, அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு இறக்குங்கள்.

அடுத்தது ஜீரோ. எந்தச் சுமையும் இல்லாதபோது கூம்பு காட்டும் எண்ணை இறக்கும் முன் ஒருமுறையும், வெளியே எடுத்துத் துடைத்த பின் ஒருமுறையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் நடுவில் கிடைத்த எண்களை நம்பலாம். நம் வெயிலில் இதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மே மாதத்தில் லாரித் தளத்தில் கிடக்கும் கூம்பு தொட முடியாத சூட்டில் இருக்கும். மண்ணுக்குள் போனதும் குளிரும், ஜீரோ நகர்ந்துவிடும். நிழலில் ஒரு வாளி நிலத்தடி நீரில் கூம்பைக் கொஞ்ச நேரம் வைத்து, எண் ஆடாமல் நின்ற பிறகு ஜீரோ எடுங்கள்.

இவ்வளவு சின்னப் பிசகு எதைக் கெடுத்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மெகாபாஸ்கல் வரை அளக்கும் கூம்பில் முழு அளவின் 0.2 சதவீதம் பிசகினால் அது 0.1 மெகாபாஸ்கல். அடர்ந்த மணலில் நுனி எதிர்ப்பு 20 மெகாபாஸ்கலாக இருக்கும்போது இது ஒன்றுமே இல்லை. மென்களியில் மொத்த எதிர்ப்பே அரை மெகாபாஸ்கல்தான் இருக்கும். அங்கே ஐந்தில் ஒரு பங்கு தவறிவிட்டது. மென்களி என்று தெரிந்தால் குறைந்த கொள்ளளவுள்ள கூம்பைக் கேட்டு வாங்குங்கள்.

இறக்குவது

வேகம் நொடிக்கு 2 செ.மீ. ஒரு மீட்டர் ராடு போக 50 நொடி. அரை செ.மீ. கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இந்த வேகத்தில்தான் களிமண்ணில் நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் எழும்பும், சுத்தமான மணலில் எழும்பிய அழுத்தம் உடனே கலைந்துவிடும். வேகத்தை மாற்றினால் இந்த வேறுபாடு குழம்பிவிடும். நம்மிடம் உள்ள விளக்க வரைபடங்கள் எல்லாம் இந்த வேகத்தை வைத்துப் போடப்பட்டவை.

திரையில் மூன்று கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள். நுனி எதிர்ப்பு அதிகம், உராய்வு அதில் ஒரு சதவீதத்துக்கும் கீழ், நீரழுத்தம் கிணற்று நீரைப் போல ஆழத்துக்கு ஏற்ப மட்டும் கூடுகிறது என்றால் அது மணல். எதிர்ப்பு குறைவு, உராய்வு விகிதம் மூன்று, நான்கு சதவீதம் அல்லது அதற்கும் மேல், நீரழுத்தம் எகிறுகிறது என்றால் களி. எதிர்ப்பு மிகக் குறைந்து, உராய்வு விகிதம் மட்டும் இன்னும் ஏறினால் மக்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு மண்ணாக இருக்கலாம். கெட்டியான களியிலும் அடர்ந்த வண்டலிலும் நீரழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

உறையின் நடுப்பகுதி நுனிக்குச் சுமார் 10 செ.மீ. மேலே இருக்கிறது. ஒரே ஆழத்தின் எதிர்ப்பையும் உராய்வையும் வகுக்க வேண்டுமென்றால் அந்த 10 செ.மீ.யைச் சரிசெய்துவிட்டு வகுக்க வேண்டும். மென்பொருள் இதைச் செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சாய்வு திடீரெனக் கூடினால் நிறுத்துங்கள். கல்லில் மோதி வழுக்குகிறது என்று அர்த்தம். ராடு வளைந்து முறிந்தால் கூம்பு உள்ளேயே போய்விடும்.

நிறுத்திக் காத்திருப்பது

பல இடங்களில் 20 மீட்டர் வரை ஒரே மூச்சாக இறக்கி, எடுத்து, அடுத்த புள்ளிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். ஆனால் மண்ணை அறியத்தான் இறக்க வேண்டும், தண்ணீரை அறிய நிறுத்த வேண்டும். நிலத்தடி நீர் ஆய்வுக்கு வந்துவிட்டு நிறுத்தாமல் போகிறவர் வந்த வேலையைச் செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கூம்பு இறங்கும்போது அளக்கும் நீரழுத்தத்தில் இரண்டு கலந்திருக்கின்றன. ஒன்று இயல்பாக அங்கே இருக்கும் அழுத்தம். மற்றது கூம்பு இடித்ததால் எழுந்த கூடுதல் அழுத்தம். கூம்பை நிறுத்தி, ராடைத் தொடாமல் விட்டால் கூடுதல் அழுத்தம் மெல்லக் கலைந்து, இயல்பான அழுத்தம் மட்டும் மிஞ்சும். மணலில் இதற்குச் சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் போதும். களியில் மணிக்கணக்காகும், முழுவதும் கலைய ஒரு நாள்கூட ஆகலாம்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். இறங்கும்போது நல்ல மணல் படலம் தெரிந்ததும் அதன் நடுவே நிறுத்துங்கள். அழுத்தம் மாறாமல் நிற்கும் வரை பதிவு செய்யுங்கள். கிடைத்த அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் எழுதி 9.81ஆல் வகுத்தால் கூம்புக்கு மேலே எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வரும். ஓர் உதாரணம் போடுகிறேன். 6 மீட்டர் ஆழ மணலில் 39.2 கிலோபாஸ்கலில் நின்றது என்றால் 4 மீட்டர் தண்ணீர். அதாவது நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டரில். இன்னும் கீழே போகிறோம், நடுவே களி, அதன் அடியில் 14 மீட்டரில் இன்னொரு மணல். அங்கே 98.1 கிலோபாஸ்கலில் நிற்கிறது. அது 10 மீட்டர் தண்ணீர், அப்படியானால் மட்டம் 4 மீட்டரில். ஒரே துளை, இரண்டு நீர்மட்டங்கள்! கீழ் மணலின் மட்டம் மேல் மணலைவிட 2 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் கீழ் மணலிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். மேலே இருக்கும் நீர் களியைத் தாண்டிக் கீழே கசிய முயல்கிறது. மேல் மணலில் கழிவுநீர் கலந்திருந்தால் அது எங்கே போகும் என்பதையும் இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. இரண்டு நிறுத்தத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

களியிலும் நிறுத்தலாம். அங்கே முழுவதும் கலையக் காத்திருக்க வேண்டாம், பாதி கலையும் நேரம் போதும். 8 மீட்டரில் நிறுத்தும்போது அழுத்தம் 300 கிலோபாஸ்கல் என்று வையுங்கள். மேல் மணலிலிருந்து நீர்மட்டம் 2 மீட்டர் என்று தெரியும். அதே மட்டம் இங்கேயும் பொருந்தும் என்று கொண்டால் இயல்பான அழுத்தம் 6 மீட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 59. இரண்டுக்கும் நடுப்புள்ளி 180. அதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் என்றால் அது பெரும்பாலும் வண்டல் கலந்தது, தண்ணீர் ஓரளவு ஊடுருவும். அரை மணிக்கு மேல் என்றால் நல்ல களி. அடியிலுள்ள நீருக்கு அது மூடிபோல இருக்கும்.

காத்திருக்கும்போது கிளாம்பால் ராடைப் பிடித்தே வைப்பவர்களும் உண்டு, விட்டுவிடுபவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் நடுவில் மாற்றாதீர்கள். கெட்டியான களியில் நிறுத்திய பின் அழுத்தம் முதலில் ஏறிவிட்டு அப்புறம் இறங்கும், பயப்பட வேண்டாம். கடற்கரையோரம் என்றால் நேரத்தையும் கட்டாயம் எழுதி வையுங்கள். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு மணலிலுள்ள நீர்மட்டமும் ஆடும்.

எண்ணிலிருந்து மண்ணுக்கு

நுனி எதிர்ப்பை நீரழுத்தத்துக்காக ஒருமுறை திருத்த வேண்டும். நுனிக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் தண்ணீர் கூம்பைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் அளவு குறைத்தே காட்டும். ஒவ்வொரு கூம்புக்கும் பரப்பு விகிதம் என்ற எண் அதன் சான்றிதழில் இருக்கும். அது 0.8 என்றால், நீரழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்ப்போடு கூட்டுங்கள். முன்சொன்ன 8 மீட்டர் களியில் நுனி எதிர்ப்பு 540 கிலோபாஸ்கல் என்றால், 300இல் ஐந்தில் ஒன்று 60, திருத்திய எதிர்ப்பு 600. மேலுள்ள மண்ணின் பாரம் கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் வீதம் 128. கழித்தால் 472. இதை 14ஆல் வகுத்தால் களியின் வெட்டு வலிமை சுமார் 34 கிலோபாஸ்கல். அந்த 14 இயற்கை விதி இல்லை. பொதுவாக 10 முதல் 18 வரை மாறும், ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து உங்கள் மனைக்கான எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மண் வகைக்கு ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் வகுத்த வரைபடம் பரவலாகப் பயன்படுகிறது. அதன் குறியீட்டெண் 2.6க்குக் கீழே என்றால் மணல் பக்கம், மேலே என்றால் களிப் பக்கம் என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம். அது மண் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்கிறது. சல்லடையில் சலித்த அளவைச் சொல்வதில்லை. போர் மாதிரியோடு ஒப்பிடச் சொன்னது இதற்காகவும்தான். இன்னொன்று, கூம்பு தனக்கு முன்னால் உள்ள மண்ணையும் உணரும். மென்களிக்கு நடுவே உள்ள மெல்லிய மணல் படலம் தன் முழு வலிமையைக் காட்டாது. படலம் இருக்கிறது என்பதை நம்புங்கள், அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உப்புநீர்ப் பிரச்சினை உள்ள இடங்களில் மின்கடத்துதிறனை அளக்கும் கூம்பும் பயன்படும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் நுழைந்தது நாம் எல்லோரும் அறிந்ததுதான். அப்படிப்பட்ட இடத்தில் நன்னீர் எந்த ஆழத்தில் உப்பாகிறது என்பதை ஒரே இறக்கத்தில் கோடாகப் பார்க்கலாம். ஆனால் களிமண் தானே மின்சாரத்தைக் கடத்தும். களியில் எண் ஏறியதைப் பார்த்து உப்பு என்று எழுதிவிடாதீர்கள். மணல் படலங்களில் மட்டும் படியுங்கள், ஓரிரு ஆழங்களில் அழுத்தி இறக்கும் நீர் மாதிரிக் கருவியால் தண்ணீரை எடுத்துச் சோதித்து உறுதி செய்யுங்கள்.

துளையை மூடுவது

கூம்பை எடுத்து, துடைத்து, இரண்டாவது ஜீரோவைக் குறித்தாயிற்று. ஆனால் துளை இன்னும் திறந்திருக்கிறது. இத்தனூண்டு ஓட்டைதானே என்று காலால் மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 6 மீட்டர் மணலையும் 14 மீட்டர் மணலையும் பிரித்து வைத்திருந்த களியில் இப்போது ஒரு குழாய் போட்டுவிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். மேலே கழிவுநீர், கீழே யாரோ குடிக்க இறைக்கும் தண்ணீர். மென்களி தானாகவே நெருங்கி மூடிக்கொள்ளலாம். கெட்டிக் களி மூடிக்கொள்ளாது. சிமென்டும் பென்டோனைட்டும் கலந்த கூழை, மெல்லிய குழாயைத் துளையின் அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். மறுநாள் போய்ப் பாருங்கள், கூழ் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தக் குறையையும் நிரப்பிவிட்டு, எந்தத் துளை, எத்தனை லிட்டர் என்று களக்குறிப்பில் எழுதுங்கள்.